வண்டியின் எடையும் ஓட்டுபவரின் வலிமையும்

மோட்டார் சைக்கிள் ஓடும்பொழுது தன் எடையை மறைத்துக்கொள்கிறது. நிற்கும்பொழுதோ அதனை முழுதும் வெளிப்படுத்திவிடுகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், கைப்பிடியின்மீது விழும் சிறிய அழுத்தத்துக்கும் இணங்கி வளைந்து செல்லும் வண்டி, வீட்டு வாயிலில் பின்னோக்கித் தள்ளப்படும்பொழுது இரண்டு கைகளுக்கும் அடங்காது சாய்ந்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். கனமான வண்டியைப் புதிதாக வாங்கியவர் வண்டி நிறுத்துமிடத்திலும், போக்குவரத்து விளக்கின் முன்னும், சரிவான சந்தின் முனையிலுமே முதலில் தடுமாறுகிறார்.

இத்தடுமாற்றத்தைத் தம் உடல் வலிமையின் குறையென்று கருதிச் சிலர் நாணுகின்றனர். உண்மையில் இது எடை, உயரம், சாய்வு ஆகிய மூன்றும் சேர்ந்து எழுப்பும் ஒரு பௌதிகக் கணக்காகும். அக்கணக்கை அறிந்து பழகியவர் நடுத்தர வலிமையுடையவராயினும் பெரிய வண்டியைக் கையாளுகிறார்; அறியாதவர் வலியவராயினும் ஒருநாள் வண்டியுடன் விழ நேருகிறது. விழும் வண்டியின் கீழ்க் கால் அகப்பட்டுக்கொண்டால் கணுக்கால் முறியலாம். சூடேறிய புகைக்குழாய் கெண்டைக்காலைச் சுட்டுவிடலாம். நாள்தோறும் இருசக்கர வண்டியில் ஊரூராகச் செல்லும் வேளாண்மை விரிவாக்கப் பணியாளர், கால்நடைத் துறையினர், சுகாதார ஆய்வாளர் முதலியோருக்கும், உரிமம் பெறும் வயதை அடையும் மாணவரைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இக்கணக்கு பயன்படும்.

எட்டு வடிவத் தேர்வு

கேரளத்தில் இருசக்கர வண்டிக்கு உரிமம் பெற விரும்புவோர், தரையில் 8 என்னும் எண் வடிவில் அமைத்த தடத்தில், கால் ஊன்றாமல் வண்டியை ஓட்டிக்காட்டுதல் வேண்டும். திருவனந்தபுரத்தில் முட்டத்தறையிலுள்ள தேர்வுக்களம் இதற்குப் பெயர்பெற்றது. பல ஆண்டுகள் இத்தேர்வுக்கு மாநிலமெங்கும் மிகுதியாகப் பயன்பட்ட வண்டி பஜாஜ் எம்-80 ஆகும். அது சிறிய எஞ்சினும், இடது கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் அமைப்பும் உடையது; எடை குறைந்தது; இருக்கையும் தாழ்வானது. எட்டு வடிவைச் சுற்றிவர அதனினும் வசதியான வண்டி அரிது.

இதனால் ஒரு முரண்பாடு விளைந்தது. இலேசான வண்டியில், கையால் கியர் மாற்றித் தேர்ச்சி பெற்றவர், மறுநாளே காலால் கியர் மாற்றும் கனமான மோட்டார் சைக்கிளை ஓட்டுதற்கு உரிமையுடையவரானார். கேரளப் போக்குவரத்து ஆணையர் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட சுற்றறிக்கை இம்முரண்பாட்டைக் களைய முற்பட்டது. காலால் கியர் மாற்றப்படுவதும், எஞ்சின் கொள்ளளவு 95 கன சென்டிமீட்டருக்குக் குறையாததுமான மோட்டார் சைக்கிளிலேயே தேர்வு நடத்தப்பெறல் வேண்டும் என்று அது கூறிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் எம்-80 தேர்வுக்களத்தினின்று நீக்கப்பட்டது. அச்சுற்றறிக்கையை எதிர்த்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியினர் போராடினர். நீதிமன்றத்திலும் வழக்குகள் எழுந்தன. வழக்கின் போக்கு யாதாயினும், சுற்றறிக்கை எழுப்பிய வினா நிலைத்து நிற்கிறது: ஒருவர் எந்த வண்டியில் பழகினாரோ அதற்கும், அவர் பின்னர் ஓட்டப்போகும் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை யார் நிரப்புவது?

95 கன சென்டிமீட்டர் என்னும் வரம்பும் இவ்வினாவுக்கு முழு விடை ஆகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிள்களைக் கியர் இல்லாதவை, கியர் உள்ளவை என்றே பிரிக்கிறது. கியர் உள்ள வண்டிக்கு உரிமம் பெற்றவர், அதன் எடை 110 கிலோகிராம் ஆயினும் 240 கிலோகிராம் ஆயினும் ஓட்டலாம். உரிமச் சீட்டு எடையைக் காண்பதில்லை. ஓட்டுபவரே காண வேண்டியுள்ளது.

எடைகளின் வரிசை

இந்தியாவில் மிகப் பரவலாக ஓடும் வண்டிகளுள் ஒன்றான ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ், எரிபொருளுடன் ஏறத்தாழ 112 கிலோகிராம் எடையுள்ளது. அதன் இருக்கை தரையிலிருந்து 78.5 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. இராயல் என்பீல்டு நிறுவனத்தின் இன்றைய கிளாசிக் 350, புல்லட் 350 ஆகியவை ஏறத்தாழ 195 கிலோகிராம்; இருக்கை உயரம் 80.5 சென்டிமீட்டர். அந்நிறுவனத்தின் ஹிமாலயன் 450 ஏறத்தாழ 196 கிலோகிராம். இருக்கை உயரம் 82.5 சென்டிமீட்டர். சூப்பர் மீட்டியார் 650 என்பது 241 கிலோகிராம் எடையுள்ளதாயினும், அதன் இருக்கை 74 சென்டிமீட்டரே.

புல்லட் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் புதியதன்று. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பெற்றுத் திருவொற்றியூரில் தொழிற்சாலை நிறுவப்பட்ட காலமுதல், படையினரும் காவல்துறையினரும் அதனை ஓட்டி வந்துள்ளனர். அன்று அதனை ஓட்டியோர் பெரும்பாலும் பணிக்காகப் பயிற்சி பெற்றவர். இன்றோ, முதல் வண்டியாகவே அதனை வாங்கும் இளைஞர் பலர். விரும்பி வாங்கும் பெண்களும் பலர். விருப்பம் வளர்ந்த அளவுக்குப் பயிற்சி வளரவில்லை.

சாய்வும் திருப்புத்திறனும்

நேராக நிற்கும் வண்டியின் எடை முழுவதையும் இரண்டு சக்கரங்களும் தாங்குகின்றன. அப்பொழுது அதனை ஒரு சிறுவனும் ஒரு கையால் பிடித்து நிறுத்தலாம். வண்டி சாயும்பொழுது அதன் புவியீர்ப்பு மையம், சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டினின்று பக்கவாட்டில் விலகுகிறது. விலகிய தொலைவை எடையால் பெருக்கினால், வண்டியைக் கீழே தள்ளும் திருப்புத்திறன் கிடைக்கும். அதற்கு ஈடான திருப்புத்திறனைக் கையால் கொடுத்தால்தான் வண்டி நிற்கும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்றும், கை பிடிக்கும் இடம் தரையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். 195 கிலோகிராம் வண்டி 5 பாகை சாய்ந்தால் அதனைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 8.5 கிலோகிராம் விசை போதும். 10 பாகைக்கு 17 கிலோகிராம். 20 பாகைக்கு 33 கிலோகிராம். 30 பாகைக்கு ஏறத்தாழ 49 கிலோகிராம் விசை தேவைப்படும். 112 கிலோகிராம் வண்டிக்கு இவ்விசைகள் முறையே 5, 10, 19, 28 கிலோகிராம் அளவாகும்.

இப்பொழுது ஒருவரின் கை பக்கவாட்டில் 20 கிலோகிராம் விசையே தரவல்லது என்று வைத்துக்கொள்வோம். அவர் இலேசான வண்டியை ஏறத்தாழ 21 பாகைச் சாய்வு வரையில் தாங்குவார். கனமான வண்டியையோ 12 பாகைச் சாய்வு வரையில்தான் தாங்க முடியும். அதாவது, அவருடைய வலிமை மாறவில்லை. அவருக்குக் கிடைத்திருந்த இடம் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டது. இலேசான வண்டியில் பழகியவர், வண்டி நன்கு சாய்ந்த பின்னரும் இழுத்து நிமிர்த்திவிடலாம் என்னும் பழக்கத்தைக் கொண்டிருப்பார். அப்பழக்கமே கனமான வண்டியில் அவரை வீழ்த்துகிறது.

கனமான வண்டி விரைவாக விழும் என்று எண்ணுவதும் சரியன்று. புவியீர்ப்பு மையத்தின் உயரமும் எடைப் பங்கீடும் ஒன்றாக இருப்பின், இலேசான வண்டியும் கனமான வண்டியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சாய்கின்றன. வேறுபடுவது, சாய்வைத் தடுக்க வேண்டிய விசையே. அன்றியும், மேற்கண்ட கணக்கு அசையாமல் நிற்கும் வண்டிக்கு உரியது. விழத் தொடங்கிவிட்ட வண்டிக்கு வேகமும் சேர்ந்துகொள்வதால், அதனைத் தடுத்து நிறுத்த இன்னும் மிகுந்த விசை வேண்டும். ஆகவே சாய்வை முளையிலேயே தடுத்தல் வேண்டும். வரம்பு கடந்த பின்னர் வண்டியைப் பிடித்துத் தொங்குவதால் முதுகும் தோளும் கெடுமேயன்றி வண்டி நிற்காது. அந்நிலையில் கையை விட்டுக் காலை விலக்கிக்கொள்வதே அறிவுடைமை. வளைந்த நெம்புகோலை மாற்றலாம்; முறிந்த கால் கூடப் பல மாதங்கள் ஆகும்.

கால் எட்டாமை

எடைக்கு அடுத்ததாக நோக்கத்தக்கது இருக்கையின் உயரம். இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர்; பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். கவட்டிலிருந்து பாதம் வரையிலான அளவு உடலுயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. எனவே அது ஆண்களுக்கு ஏறத்தாழ 76 சென்டிமீட்டரும், பெண்களுக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டரும் ஆகும். 80.5 சென்டிமீட்டர் உயர இருக்கையில் அமரும்பொழுது, சுருள்வில் சற்று அழுந்துவதையும் காலணியின் தடிப்பையும் சேர்த்தாலும், பலருக்கு முன்பாதமே தரையைத் தொடும். இருக்கை அகலமானதாயின் தொடைகள் விரிந்து, கால் மேலும் குறுகிவிடும்.

முன்பாதம் மட்டும் ஊன்றி நிற்பவர், ஒரு பக்கம் முழுப் பாதத்தை ஊன்ற விரும்பினால் வண்டியை அப்பக்கம் சாய்க்க வேண்டும். முன்கண்டபடி, கனமான வண்டியில் சாய்வதற்குரிய இடமோ குறைவு. மழைநீர் வடிவதற்காகச் சாலை இருபுறமும் சரிவாக அமைக்கப்பட்டிருப்பதையும் மறத்தலாகாது. 20-க்கு 1 என்னும் பக்கச் சரிவில், 40 சென்டிமீட்டர் தள்ளி ஊன்றும் கால் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்க வேண்டும். அங்கே மணலோ, பாசியோ, ஈரமான ஓடுகளோ இருப்பின் கால் வழுக்கும்.

எடை, உயரம் ஆகிய இரண்டும் வெவ்வேறு இடர்கள் என்பதை மேலே கூறிய வரிசை காட்டும். 241 கிலோகிராம் வண்டியின் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தவருக்கு இரு பாதங்களும் நன்கு ஊன்றும். ஆனால் அதனைத் தள்ளுதல் கடினம். 196 கிலோகிராம் வண்டியின் உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவருக்கு எடை குறைவு. ஆனால் கால் எட்டாது. வாங்குமுன் இரண்டையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

ஓடும்பொழுது நிலைபெறுவது ஏன்?

ஓடும் இருசக்கர வண்டி சாயத் தொடங்கும்பொழுது, முன்சக்கரம் சாய்ந்த பக்கம் சிறிது திரும்பினால், சக்கரங்கள் மீண்டும் புவியீர்ப்பு மையத்தின் கீழ் வந்துவிடுகின்றன. வேகம் மிகுந்திருக்கும்பொழுது இதற்கு மிகச் சிறிய திருப்பம் போதும். வேகம் குறையக் குறையத் திருப்பம் பெரிதாக வேண்டும். வண்டி முற்றும் நின்றுவிட்டால் கைப்பிடியைத் திருப்புவதால் பயனில்லை, காலே துணை. எனவே நடக்கும் வேகத்துக்கும் நிற்பதற்கும் இடைப்பட்ட சில நொடிகளே மிகக் கடினமானவை. கனமான வண்டியின் பயிற்சி முழுவதும் இந்தச் சில நொடிகளுக்கே உரியதாதல் வேண்டும்.

இந்நொடிகளில் நிகழும் வீழ்ச்சிகளுள் ஒன்று பலருக்கும் புரியாத புதிராக உள்ளது. வண்டியைத் திருப்பிக்கொண்டு மெல்ல வரும்பொழுது, குறுக்கே ஒருவர் வந்தால், முன் பிரேக்கைச் சட்டென அழுத்துகிறோம். வளைவில் வண்டி உட்புறம் சாய்ந்திருக்கிறது. அச்சாய்வைத் தாங்கி நின்றது அதன் ஓட்டமே. பிரேக் பிடித்தவுடன் ஓட்டம் மறைகிறது. சாய்வு மட்டும் எஞ்சுகிறது. வண்டி உட்புறம் விழுகிறது. இதற்குத் தீர்வு எளிது: கைப்பிடி திரும்பியிருக்கும்பொழுது முன் பிரேக்கைத் தொடாது, பின் பிரேக்கை மெல்ல அழுத்துக, நிற்கப்போகும் கடைசி நொடியில் கைப்பிடியை நேராக்குக. கிளட்சைப் பாதி விடுத்துப் பாதி பிடித்து, பின் பிரேக்கைச் சற்றே அழுத்தியவாறு செல்லும் முறையைப் பழகினால், 195 கிலோகிராம் வண்டியும் நடக்கும் வேகத்தில் அமைதியாகச் செல்லும்.

மேடும் சரிவும் உள்ள நகரம்

திருவனந்தபுரம் குன்றுகளும் தாழ்வுகளும் அடுத்தடுத்து அமைந்த நகரம். சாலைக்கு மேலே ஒரு வீடும் கீழே ஒரு வீடுமாக அமைந்த தெருக்கள் அங்கு மிகுதி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் அவ்வூரில், ஈரமான சரிவு ஆண்டின் பல மாதங்களில் காணப்படுவதே.

10-க்கு 1 என்னும் சரிவில் 195 கிலோகிராம் வண்டியை மேல்நோக்கித் தள்ள, சக்கர உராய்வை நீக்கியே ஏறத்தாழ 19 கிலோகிராம் விசை வேண்டும். 112 கிலோகிராம் வண்டிக்கு 11 கிலோகிராம் போதும். இருக்கையில் அமர்ந்து, முன்பாதத்தால் தரையை உந்தி, பின்னோக்கி மேடேற்ற முயல்பவர் தோல்வியுறுவது இதனாலேயே. எனவே முன்சக்கரம் பள்ளத்தை நோக்கிச் சுவரருகில் நிற்குமாறு வண்டியை ஒருபொழுதும் நிறுத்தலாகாது. முன்சக்கரம் மேட்டை நோக்கியிருக்குமாறு முதல் கியரில் நிறுத்தினால், எடுக்கும்பொழுது சரிவே வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுவரும்; பிரேக்கினால் அடக்கினால் போதும். பக்கத்தாங்கியின் பக்கம் மேடாக இருப்பின் வண்டி எதிர்ப்புறம் சாய்ந்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

நகரினின்று ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அத்தகைய வளைவில் எஞ்சின் அணைந்து வண்டி நின்றுவிட்டால், அது உட்புறமாகச் சாயும். அப்பக்கம் ஊன்ற வேண்டிய கால் பள்ளத்தைத் தேடும். வளைவுக்கு முன்னரே முதல் கியருக்கு மாற்றிக்கொள்ளுதலும், எதிர்வரும் வண்டிக்கு இடையூறின்றித் தம் பக்கத்தின் வெளியோரத்தை ஒட்டிச் செல்லுதலும், முன்சக்கரத்தை நோக்காது வளைவின் முடிவை நோக்குதலும் இதற்குரிய வழிகள்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரும் அவர்தம் குழுவினரும், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டனர். விபத்துக்குள்ளான ஓட்டுநருள் 92 சதவீதத்தினர் முறையான பயிற்சி பெறாது, தாமாகவோ, உறவினர் நண்பரிடமிருந்தோ கற்றவர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், சாலையில் ஏறத்தாழ மூன்று ஆண்டு அனுபவம் உடையவராயினும், விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாதத்துக்கும் குறைவாகவே பழகியவர். ஒரு வண்டியில் பெற்ற பழக்கம் மற்றொரு வண்டிக்கு அப்படியே உதவுவதில்லை என்பதற்கு இது தக்க சான்று. இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் உயிரிழந்த 1,68,491 பேருள் ஏறத்தாழ 44.5 சதவீதத்தினர் இருசக்கர வண்டியில் சென்றவர் என்பதை நோக்க, இப்பாடம் நமக்கும் உரியதே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் மோட்டார் சைக்கிள் உரிமம் மூன்று படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. மிக உயர்ந்த படிக்கான தேர்வில் பயன்படும் வண்டி 180 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுடையதாதல் வேண்டும். ஐந்து கிலோகிராம் வரையிலான குறைவே பொறுக்கப்படும். தேர்வில், எஞ்சினை இயக்காமல் வண்டியைத் தாங்கியிலிருந்து எடுத்து, அதன் அருகில் நடந்தவாறு நகர்த்திக் காட்டுதலும் ஒரு பகுதியாகும். ஜப்பானில் 400 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனி உரிமம் உண்டு. 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு குறுகிய பலகைமீது, பெரிய வண்டியைப் பத்து நொடிக்குக் குறையாத காலம் எடுத்துக்கொண்டு ஓட்டிச் செல்லுதல் அங்குத் தேர்வாக உள்ளது. விரைவாகச் செல்பவர் மதிப்பெண் இழப்பார். மெல்லச் செல்லத் தெரிந்தவரே தேறுவார். விழுந்த வண்டியை நிமிர்த்தும் முறையும் அங்குப் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகிறது.

வாங்குமுன்னும் ஓட்டுமுன்னும்

களப்பணியாளரும் பிறரும் பின்வருவனவற்றைச் சமதரையில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, எஞ்சினை இயக்காமல் செய்து பார்க்கலாம்.

முதலாவது, இருக்கையில் அமர்ந்து, பக்கத்தாங்கியிலிருந்து வண்டியை நிமிர்த்துக. இரு முன்பாதங்களும் உறுதியாக ஊன்றுகின்றனவா என்று காண்க.

இரண்டாவது, இறங்கி நின்று, இடுப்பை இருக்கையோடு ஒட்டி, வண்டியைத் தம் பக்கம் இம்மியளவு சாய்த்தவாறு பத்து மீட்டர் முன்னும் பின்னும் தள்ளுக. எதிர்ப்புறம் சாய விடலாகாது. அப்பக்கம் தாங்குவார் இல்லை.

மூன்றாவது, நடுத்தாங்கி உள்ள வண்டியாயின், கையால் தூக்க முயலாது, தாங்கியின் இரு முனைகளும் தரையைத் தொட்டபின், உடல் எடை முழுவதையும் வலக்காலின்மீது செலுத்தித் தாங்கியை மிதிக்க. வண்டி தானே எழும்.

நான்காவது, வெற்றிடத்தில் எஞ்சினை இயக்கி, 15 மீட்டர் தொலைவை எத்தனை நொடி நீட்டிக்க முடியும் என்று நண்பரொருவர் கடிகாரத்தால் கணக்கிடுமாறு பழகுக. நாள்தோறும் கால் மணி நேரம் இவ்வாறு பழகுதல், நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு ஓடுவதினும் பயன் தரும்.

வண்டி விழுந்துவிட்டால் முதலில் எஞ்சினை அணைத்துக் கியரில் இடுக. வலப்புறம் விழுந்திருப்பின் பக்கத்தாங்கியை முன்னரே விரித்து வைக்க. பின்னர் வண்டிக்கு முதுகு காட்டி, இருக்கையின் ஓரத்தில் இடுப்பைப் பொருத்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் சட்டத்தையும் பற்றி, முதுகை நிமிர்த்திச் சிறு அடிகளாகப் பின்னோக்கி நடக்க. 60 பாகை சாய்ந்து கிடக்கும் 195 கிலோகிராம் வண்டியை எழுப்ப, மேற்கண்ட கணக்கின்படி தொடக்கத்தில் ஏறத்தாழ 84 கிலோகிராம் விசை வேண்டும். அது முதுகின் வேலையன்று, தொடைகளின் வேலை. அருகில் ஒருவர் இருப்பின் அவரை அழைப்பதில் இழுக்கில்லை.

சுமை ஏற்றிச் செல்வோர்க்கும் ஒரு சொல். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், பின்னிருக்கைக்கு மேல் கட்டப்பட்ட 20 கிலோகிராம் பெட்டி, சாய்வின் கணக்கில், வண்டியின் எடை 40 கிலோகிராம் கூடியதற்கு ஒப்பாகும். அதனையே இரண்டாகப் பிரித்து, 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருபுறமும் தொங்கவிட்டால் 20 கிலோகிராமாகவே இருக்கும். மருந்துப் பெட்டி, விதைப் பை, அளவைக் கருவி எதுவாயினும் தாழ்வாகவும் இருபுறம் ஒப்பவும் கட்டுதல் நன்று.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை மோட்டார் சைக்கிள் இன்றியே காட்டலாம். ஒரு மிதிவண்டி, ஒரு வில்தராசு, ஒரு பாகைமானி, ஒரு தூக்குக்குண்டு, பத்து கிலோகிராம் மணல் நிரப்பிய பை ஆகியவை போதும். தூக்குக்குண்டின் நூலைக் கைப்பிடியிலிருந்து தொங்கவிட்டு, மிதிவண்டியின் சாய்வை அளக்க. கைப்பிடியில் வில்தராசை மாட்டி, 5, 10, 15, 20 பாகைச் சாய்வுகளில் வண்டியைத் தாங்கத் தேவையான விசையைக் குறிக்க. பின்னர் மணல் பையைச் சட்டத்தின் அடிப்பகுதியில் கட்டியும், அடுத்து இருக்கையின்மேல் கட்டியும் அளவுகளை மீண்டும் எடுக்க. மூன்று வரிசைகளையும் வரைபடத்தாளில் குறித்தால், எடை கூடுவதும் உயரம் கூடுவதும் தனித்தனியே எவ்வாறு விசையை மிகுவிக்கின்றன என்பதை மாணவர் தம் கண்ணால் காண்பர். திருப்புத்திறன் என்னும் பாடம் அவர்தம் வீட்டு வாயிலுக்கே வந்துவிடும்.

கனமான வண்டி தீயதன்று. அதன் எடையே நெடுஞ்சாலையில் பக்கக் காற்றுக்கு அசையாத உறுதியைத் தருகிறது. சிறிய உடலமைப்பினரும் அதனை ஓட்டலாம், ஓட்டியும் வருகின்றனர். அவர்கள் வண்டியைத் தாங்குவதில்லை. தாங்க வேண்டிய நிலை வராமல் அதனை நேராக வைத்திருக்கின்றனர். நேர்நின்ற வண்டிக்கு எடையில்லை என்னும் இவ்வொரு விதியைப் பதினெட்டு வயது நிரம்புமுன் ஒவ்வொரு மாணவரும் வில்தராசின் முள்ளில் கண்டறிவாராயின், உரிமத் தேர்வு கற்பிக்கத் தவறியதைப் பள்ளிக்கூடம் கற்பித்ததாகும்.